மான்தோல் பலகையாகிவிட்டதா? விலங்குத்தோல் வணிகக் கால முகாமில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

நான் பதனிட்ட முதல் மான்தோல் இன்றும் கார் கொட்டகையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. சட்டை தைப்பதற்காக மூன்று வார இறுதிகளைச் செலவழித்த தோல் அது. தட்டினால் முறத்தைத் தட்டியதுபோல் சத்தம் வருகிறது. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த தவறுகளில் பாதி அந்த ஒரே தோலில் பதிவாகியிருக்கிறது.

புதியவர்களுக்கு இரண்டு வரி. வட அமெரிக்காவில் விலங்குகளின் உரோமத்தோலை வாங்கி விற்ற காலத்து மனிதர்களைப்போல் உடுத்தி, சமைத்து, முகாமிட்டு வாழ்ந்து பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்குக் கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், கிராண்ட் போர்ட்டேஜ் என்ற ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமத்தோல் வணிகம் செய்த நார்த் வெஸ்ட் கம்பெனியின் பெரிய சந்திப்பு அங்கேதான் நடந்தது. மாண்ட்ரியலிலிருந்து சரக்கோடு வந்த படகோட்டிகளும், உள்நாட்டிலிருந்து பீவர் என்ற நீர்விலங்கின் தோல்களோடு வந்தவர்களும் ஒவ்வொரு கோடையிலும் கூடினார்கள். 1803-இல் கம்பெனி அந்தக் கூடலை அதே ஏரிக்கரையில் கனடாப் பக்கம் இருந்த ஃபோர்ட் வில்லியமுக்கு மாற்றியது. மேற்கே ராக்கி மலைப் பகுதியில் 1825 முதல் 1840 வரை இதேபோன்ற வேறொரு கூடல் நடந்தது. பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியின் மவுசு குறைந்ததும் அதுவும் முடிந்தது. அதனால்தான் பெரும்பாலான முகாம்களில் ‘1840-க்கு முன்’ என்பது விதி. நைலான் கூடாது, ஜிப் கூடாது, பிளாஸ்டிக் கண்ணில் படக்கூடாது. கித்தான் கூடாரம், கம்பளி, தோல், இரும்பு, செம்பு ஆகியவற்றோடு சில நாட்கள் வாழவேண்டும்.

கோளாறைத் தேடும்போது நான் கைக்கொள்ளும் முறை ஒன்றுதான். கோளாறு எந்தக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதற்கு முந்தைய கட்டத்தில் தேடுவேன். அங்கேயும் முதலில் ஈரத்தைச் சந்தேகிப்பேன். தோலாக இருந்தாலும் இறைச்சியாக இருந்தாலும் பொறியைப் பிடிக்கக் கருக்கி வைத்த கரித்துணியாக இருந்தாலும், காயவேண்டிய நேரத்தில் காயாததோ, காயக்கூடாத நேரத்தில் காய்ந்ததோதான் பெரும்பாலும் குற்றவாளி.

மயிர் கழலவில்லை, சுரண்டினால் திட்டுத்திட்டாக வருகிறது

தமிழ்நாட்டில் தோல் பதனிடுதல் என்றதும் ஆவாரம்பட்டையும் ஆம்பூரும் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு முறை. விலங்கின் மூளையைக் கரைத்துத் தோலில் ஏற்றி, காயும்வரை இழுத்து மென்மையாக்கி, புகையூட்டும் முறை. ஒஜிப்வே, கிரீ, மேட்டி ஆகிய வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களின் கைவேலை இது. வணிகர்கள் காலில் போட்ட மொக்கசின் என்ற மென்தோல் காலணி பெரும்பாலும் அவர்கள் தயவில் வந்தது.

மயிர் கழலாவிட்டால் ஊறல் போதவில்லை என்று பொருள். மரச்சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த காரநீரில் ஊறவைப்பதே எளிய வழி. காரம் சரியா என்று பார்க்க ஒரு பச்சை முட்டையைப் போடுங்கள். முழுகினால் நீர்த்துவிட்டது, மேலே ஒரு நாணய அளவு தெரியும்படி மிதந்தால் சரி. மூன்று நான்கு நாட்களில் தோல் உப்பி, ரப்பர்போல் ஆகும். இந்த நீர் கையைப் புண்ணாக்கும், கையுறை போடுங்கள். பழைய காலம் என்பதற்காகக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

உரோமத்தோடு வைத்திருக்க வேண்டிய தோலில் மயிர் உதிர்கிறது

இது எதிர்க் கோளாறு. கம்பளிபோல் மயிரோடு பதனிட நினைத்த தோலில் கொத்துக் கொத்தாக மயிர் உதிர்கிறது என்றால், பதனிடுவதற்கு முன்பே அழுகல் தொடங்கிவிட்டது. உரித்த தோலை வெயிலில் ஒரு பகல் சுருட்டி வைத்தாலே போதும், வேலை முடிந்துவிடும். உதிர்ந்ததை ஒட்டவைக்க வழி கிடையாது. மீதி மயிரையும் வழித்துவிட்டுச் சாதாரணத் தோலாகப் பதனிடுங்கள். அடுத்த முறை உரித்தவுடன் உப்பைத் தாராளமாகத் தேய்த்து நிழலில் வையுங்கள்.

காய்ந்ததும் அட்டையாக விறைக்கிறது

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் அதிகம். மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, மேலடுக்கு மிச்சமிருப்பது. மயிர் போனால் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். மயிர்க்கால்கள் பதிந்திருக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று தோலின் வெளிப்பக்கம் உண்டு. அதையும் சுரண்டி எடுக்கவேண்டும். அது இருக்கும் இடத்தில் மூளைக்கரைசல் உள்ளே போகாது. காரநீரில் உப்பிய தோலில் இந்த அடுக்கு சற்று மஞ்சளாகவும் வழவழப்பாகவும் தனித்துத் தெரியும். அடியில் இருப்பது வெண்மையாக, சொரசொரப்பாக இருக்கும். இடுப்பு உயரத்தில் சாய்த்த வழவழப்பான மரக்கட்டையில் தோலைப் போட்டு, மழுங்கிய விளிம்புள்ள சுரண்டுகத்தியால் உடல் எடையைக் கொடுத்துத் தள்ளவேண்டும். வரிவரியாகத் தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு கீற்று தப்பிவிடும். என் பலகைத் தோலில் இப்படித் தப்பிய கீற்றுகளை இன்றும் எண்ணலாம். காய்ந்தபின் அவை பழுப்புக் கோடுகளாகப் பளபளக்கின்றன.

இரண்டாவது, கரைசல் ஊடுருவாதது. காரநீரிலிருந்து எடுத்த தோலை ஓடும் நீரில் ஒரு நாளாவது கிடத்தி, உப்பல் வடிந்து துணிபோல் துவளும்வரை அலசவேண்டும். பிறகு உட்பக்கச் சவ்வையும் சுரண்டவேண்டும். பிறகு பிழிவது. தோலை ஒரு கம்பத்தில் மாட்டி, மறுமுனையில் குச்சி கொடுத்து, ஈரத்துணியை முறுக்குவதுபோல் இரண்டு திசையிலும் முறுக்குங்கள். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கும் தோலுக்குள் மூளைக்கரைசல் எப்படிப் போகும்? பிழிந்த தோலைக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி பிழிந்து, மறுபடி ஊறவையுங்கள். சோதனை எளிது. ஒரு பகுதியைப் பையாகக் குவித்துப் பிடித்து அமுக்கினால், தோலின் துளைகள் வழியாகக் குமிழ்கள் வரவேண்டும். எங்கே வரவில்லையோ அங்கே விறைக்கும். பெரும்பாலும் கழுத்தும் முதுகுத்தண்டு ஓரமும்தான்.

மூன்றாவது, பாதியில் கைவிடுவது. தோல் மென்மையாவது கரைசலால் மட்டும் அல்ல. காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அசைத்துக்கொண்டே இருப்பதால்தான். முற்றிலும் காயும்வரை இழுக்கவேண்டும், இறுக்கிக் கட்டிய கயிற்றில் தேய்க்கவேண்டும். நல்ல வெயில் நாளில் சில மணி நேரம். மேகமூட்டமானால் நாள் முழுக்க. காய்ந்துவிட்டது என்று கை சொல்லும், நம்பாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அன்று இரவு என் கை சொன்னதை நம்பித் தூங்கப் போனேன். இடையில் நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் தோலைச் சுருட்டி, உறையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். 1840-இன் ஆவிகள் ஒன்றும் சொல்லமாட்டா.

விறைத்த தோலுக்கு நல்ல செய்தி: முழுவதும் நனைத்து, மறுபடி பிழிந்து, மறுபடி கரைசலில் போட்டு, மறுபடி இழுக்கலாம். மேலடுக்கு மிச்சமிருந்தால் மட்டும் முதலில் அதைச் சுரண்டுங்கள். என் பலகையையும் இப்படி மீட்கலாம்தான். சோம்பல் தடுக்கிறது.

கரைசலில் போட்டதும் தோல் சுருங்கிப் பசையாகிறது

கரைசல் கொதித்திருக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பச்சைத்தோலின் புரதம் சுருண்டு வஜ்ஜிரப்பசையாக மாறத் தொடங்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பே எல்லை. சுருங்கிய இடம் மீளாது, வெட்டி எடுத்துவிடுங்கள்.

எந்த மூளையைப் பயன்படுத்துவது?

இது கோளாறு அல்ல. கோளாறாகாமல் இருக்கவேண்டிய விஷயம். ‘ஒவ்வொரு விலங்கின் தோலையும் பதனிட அதன் மூளையே போதும்’ என்ற பழைய பேச்சு முகாம்தோறும் கேட்கும். மினசோட்டா, விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்களின் மான்களில் நாட்பட்ட நலிவு நோய் பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் குவியும். சமையல் சூட்டில் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் சோதிக்காத மானின் மூளையை வெறுங்கையால் பிசைய நான் தயாரில்லை. கடையில் கிடைக்கும் பன்றி மூளை போதும். அதுவும் பிடிக்காதவர்களுக்கு முட்டையின் மஞ்சள் கரு இருக்கிறது. ஒரு மான்தோலுக்கு ஒரு டஜன். இரண்டிலும் வேலை செய்வது லெசித்தின்தான். எண்ணெயையும் நீரையும் கலக்கவைத்து இழைகளுக்குள் கொண்டுபோவது அதுவே.

அருமையாக வந்த தோல், ஒரு மழையில் மறுபடி விறைத்தது

புகையூட்டவில்லை, அல்லது போதுமான அளவு ஊட்டவில்லை. புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் இழைகளைப் பிணைத்து நிலைநிறுத்துகின்றன. அதன்பிறகு நனைந்து காய்ந்தாலும் சற்றுக் கசக்கினால் மென்மை திரும்பும். வெள்ளைத் தோல் அழகுதான், மழைநாளில் அதை உடுத்தாதவருக்கு.

தோலைக் குழாய்போல் தைத்து, மேலே தொங்கவிட்டு, கீழ்வாயில் பழைய துணியைப் பாவாடைபோல் இணைத்து, அதைக் கனல் நிறைந்த குழிமேல் கட்டுங்கள். கனலின்மேல் உளுத்து நொறுங்கிய மரத்தைப் போட்டால் தீயில்லாமல் அடர்ந்த புகை வரும். புகை ஓரிடத்தில் கசிந்தால் அந்த இடம் வெளிறியே நிற்கும். திட்டுகளுக்குக் காரணம் தையலின் இடைவெளி. நிறம் மறுபக்கத்தில் எட்டிப்பார்க்கத் தொடங்கினால் புகை ஊடுருவிவிட்டது. உள்ளே வெளியே திருப்பி மறுபக்கத்துக்கும் ஊட்டுங்கள்.

இந்த நேரத்தில் காபி குடிக்கப் போகாதீர்கள். என் முகாம் நண்பர் ஒருவர் ஒரு கோப்பைக்காகத்தான் போனார். திரும்பி வந்தபோது பாவாடைத் துணியில் தீ ஏறியிருந்தது. இரண்டு வார வேலை, உள்ளங்கை அகலக் கரித்துண்டாக மிஞ்சியது.

சக்கிமுக்கியில் பொறி வருகிறது, தீ வரவில்லை

முதலில் பொறியே வராதவர்களுக்கு: பொறி கல்லிலிருந்து வருவதல்ல, இரும்பிலிருந்து செதுக்கப்படும் துணுக்கு. கார்பன் மிகுந்த, சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்கிய எஃகு வேண்டும். நினைவுப்பொருள் கடையில் வாங்கிய வளைந்த கம்பி வெறும் மென்னிரும்பாக இருக்கலாம். பழைய அரம் அதைவிட நன்றாகப் பொறி தரும். கல்லின் விளிம்பு மழுங்கினால் ஒரு சில்லைத் தட்டி எடுங்கள்.

பொறி வந்தும் கரித்துணி பற்றவில்லை என்றால் துணியைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வேகவில்லை. தொட்டதும் பொடியானால் அதிகம் வெந்துவிட்டது. சிறு துளையிட்ட தகர டப்பாவில் துணியை அடைத்துத் தீயில் வைத்து, துளையில் புகை நின்றதும் எடுத்து, முழுக்க ஆறும்வரை திறக்காமல் இருக்கவேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகும். கருகி ஒட்டிக்கொண்ட கோந்துபோல் ஆகியிருந்தால் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. சுத்தப் பருத்தியோ லினனோதான் ஆகும். காலிகோ என்ற பருத்தித் துணியில் தைத்த பழைய சட்டை உத்தமம். வணிகக் கூடாரங்களில் அச்சிட்ட காலிகோ நன்றாக விற்றது. அந்தப் பெயரே நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலிருந்து போனது.

எல்லாம் சரி, காலையில் மட்டும் பற்றவில்லையா? ஏரிக்காற்றின் ஈரம் கரித்துணியில் ஏறிவிட்டது. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக் கோளாறுகளை இங்கே தொடவில்லை. அதை எழுத்தில் படித்துக் கற்கக்கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்கவேண்டும்.

பெமிக்கனில் பூஞ்சை, காறல் வாடை, அல்லது உதிர்தல்

மெலிந்த காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பை ஏறக்குறைய சம எடையில் ஊற்றிப் பிசைந்தால் பெமிக்கன். எருமைத்தோல் பையில் அடைத்துத் தைத்த ஒரு மூட்டை ஏறத்தாழ 41 கிலோ இருக்கும். வடமேற்கின் படகுகள் ஓடியதே இதை நம்பித்தான். 1814-இல் செவ்வாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல் அதை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தபோது நார்த் வெஸ்ட் கம்பெனிக்கும் அதன் போட்டியாளரான ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கும் பகை முற்றியது என்றால் அதன் அருமை புரியும்.

நம் உப்புக்கண்டம் போட்டுப் பழகிய கைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்டத்தில் சற்று ஈரம் மிஞ்சினாலும் உப்பு காப்பாற்றிவிடும். பெமிக்கனில் உப்பு கிடையாது, அதனால் ஈரம் மிஞ்சக்கூடாது. வளைத்தால் மடங்கும் இறைச்சி இன்னும் காயவில்லை. வளைத்தால் முறியவேண்டும், உரலில் பஞ்சாகவேண்டும். பூஞ்சை வந்தால் குறை அங்கேதான். பெர்ரிப் பழம் சேர்ப்பவர்கள் அதையும் கலகலவென்று காயவையுங்கள். வீட்டில் செய்பவர்கள் இறைச்சியை முதலில் 71 டிகிரி உட்சூடு வரும்வரை சூடாக்கிவிட்டுக் காயவைப்பது நல்லது. பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டுத் தின்னாதீர்கள்.

காறல் வாடை வந்தால் கொழுப்பைப் பாருங்கள். வெண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கிய பிறகுதானே இறக்குவோம்? கொழுப்புக்கும் அதே கணக்கு. தண்ணீர் முழுக்கப் போய், குமிழ் நின்று, தெளிந்தபின் வடிகட்டவேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பே சிறந்தது. வெயிலில் உருகி வழிகிறது என்றால் மென்கொழுப்பைச் சேர்த்திருக்கிறீர்கள். உதிர்ந்தால் கொழுப்பு குறைவு, அல்லது அது ஆறியபின் ஊற்றியது.

சுவை பிடிக்கவில்லை என்பது கோளாறில் சேராது. தண்ணீரும் மாவும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். அதற்கு ரபபூ என்று பெயர். ஒரு மிளகு தட்டிப் போட்டால் நன்றாகவே இருக்கிறது.

மக்காச்சோளம் மூன்று மணி நேரமாக வேகவில்லை

மாண்ட்ரியல் படகோட்டிகள் தின்றது காரநீரில் தோல் நீக்கிய மக்காச்சோளமும் பன்றிக்கொழுப்பும். உள்நாட்டில் குளிர்காலம் கழித்தவர்கள் அவர்களை ‘பன்றிக்கொழுப்பு தின்னிகள்’ என்று கேலி செய்தார்கள். தோல் நீக்காத காய்ந்த சோளம் எத்தனை விறகு எரித்தாலும் வேகாது. கசந்தால் அலசியது போதவில்லை. நீர் வழுவழுப்பின்றித் தெளியும்வரை அலசுங்கள்.

பேனக் என்ற தட்டை ரொட்டி வெளியே கருகி உள்ளே மாவாக இருந்தால் தீயில் வைத்திருக்கிறீர்கள்; கனலில் வையுங்கள். காலத்துக்குப் பொருந்தவேண்டும் என்று கவலைப்படுபவர்கள் பேக்கிங் பவுடரை ஒளித்து வைக்கலாம். ஆல்ஃபிரட் பேர்ட் அதைக் கண்டுபிடித்தது 1843-இல்.

செம்புக் கெண்டியில் பச்சை, உணவில் உலோக வாடை

களிம்பு ஏறியிருக்கிறது, உள்பூச்சு தேய்ந்திருக்கிறது. பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வந்த கதைதான். அந்தப் பூச்சு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் கெண்டியைத் தீயில் தொங்கவிட்டால் ஒரே நாளில் போய்விடும். மறுபூச்சு போடும்வரை அதில் சமைக்காதீர்கள், புளிப்பான எதையும் வைக்கவே வைக்காதீர்கள்.

கூடாரம் ஒழுகுகிறது

புதுக் கித்தானா? முகாமுக்குப் போகும் முன் கொல்லையில் விரித்து, நன்றாக நனைத்துக் காயவையுங்கள். நூல் உப்பி இடைவெளி அடையும். மழையில் உட்பக்கத்தைத் தலையோ மூட்டையோ தொட்டால் தொட்ட இடத்தில் சொட்டும். சணல், பருத்திக் கயிறுகள் நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். மேகம் கறுத்ததும் சற்றுத் தளர்த்துங்கள். தரைவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரைத் தண்ணீர் எல்லாம் உங்கள் படுக்கைக்கு அடியில் சேரும். இப்படி ஓர் இரவு மிதந்திருக்கிறேன்.

இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர்கிறது

குளிர் கீழிருந்து வருகிறது. ஒரு கம்பளியை அடியில் போடுங்கள். அதற்கும் அடியில் வைக்கோல் அல்லது உரோமத்தோல். கம்பளி ஓரத்தில் இருக்கும் குட்டைக் கோடுகள் அத்தனை பீவர் தோல் விலை என்று யாராவது சொல்வார்கள். அவை அளவைக் குறிப்பவை மட்டுமே.

காலையில் தலைவலியும் குமட்டலும்

முந்தைய இரவின் விருந்து காரணமாக இருக்கலாம். ஆனால் குளிருக்குக் கனல் சட்டியைக் கூடாரத்துக்குள் வைத்திருந்தால், உடனே வெளியே வந்து பக்கத்துக் கூடாரத்தவர்களையும் எழுப்புங்கள். மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய கூடாரத்துக்குள் கரியோ கனலோ எந்நாளும் கூடாது.

மொக்கசின் நனைந்துவிட்டது

நனையத்தான் செய்யும். பனிப்புல்லில் நடந்தால் அரை மணியில் கால் சொதசொதக்கும், சரிவில் வழுக்கவும் வழுக்கும். தீ ஓரத்தில் காயவைத்தவர்கள் மறுநாள் குழந்தை செருப்பைத்தான் எடுத்தார்கள். உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து நிழலில் தொங்கவிடுங்கள். கம்பளிக் காலுறை போட்டிருந்தால் நனைந்தாலும் கால் விறைக்காது. அடித்தோல் ஓட்டையானால் ஊசியும் நரம்பு நூலும் எடுத்து ஒட்டுப் போடுங்கள். கிராண்ட் போர்ட்டேஜின் சுமைப்பாதை ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர். 41 கிலோ மூட்டைகளை இரண்டிரண்டாகச் சுமந்து அதில் நடந்தவர்களும் மாலையில் இதே ஒட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்குத் தோல் வேண்டுமென்றால் என் கொட்டகையில் ஒரு பலகை இருக்கிறது. அடித்தோலுக்கு விறைப்பு நல்லதுதான்.